ஒரு வெள்ளி ஐம்பது காசு

வெள்ளிக்கிழமைதான் பட்டியல் வரும்.
எங்கள் ஊரில் வெள்ளி என்றால் காசும்தான்.
எந்த இடத்தில் எந்த வெள்ளியைச் சொல்கிறேன் என்று
நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோலா கெட்டில் பஸ் நிலையத்துக்கு எதிரே
கோழிக்கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவில்
ஆ செங்கின் கைப்பேசிக் கடை.
ரீலோட் போடுகிற கோகிலவாணி நான்.
காற்று மில் பக்கமிருந்து திரும்பினால்
சார்ஜர் பெட்டிக்குள்ளும் புளித்த செம்பனை வாடை.

ஹேமநாதனுக்கு அந்த மில்லில்
எடைப்பாலத்து வேலை.
குலையோடு வரும் லாரியை நிறுப்பான்,
காலியாய்த் திரும்பும்போதும் நிறுப்பான்,
கழித்து எழுதுவான்.
குலைக்கடியில் மணல் போட்டு வந்தால்
டயரைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

ராத்திரியில் மெத்தையைச் சுவரில் சாய்த்து
பாட்டுப் பதிவு செய்வான்.
ஒன்றுதான் முடிந்தது,
மூன்று நிமிடம் பதினொரு நொடி.
இரண்டாம் சரணத்தில்
பக்கத்து வீட்டுச் சேவல் விழுந்திருக்கிறது.
'அழிக்க வரலை, விட்டுட்டேன்' என்றான்.

பாட்டு விற்பனைக்கு வந்த முதல் வாரம்
இறக்கியவர்கள் ஒன்பது பேர்.
அதில் இரண்டு அவனே.
ஒன்று நான், சொல்லிக்கொள்ளவில்லை.

நாட்டுக்கே ஒரு பட்டியல், இருபதே இடம்.
கடைசி இடத்துக்கு எத்தனை தேவை என்று
ஒருவருக்கும் தெரியாது.
லட்சம் இருக்கும் என்றார் கோழிக்கடைக்காரர்,
கோழியை வெட்டிக்கொண்டே.

அந்த வாரம்
ரீலோட் கேட்டவர்களிடமெல்லாம்
'பாட்டு ஒண்ணு சேத்துப் போடவா' என்றேன்.
காக் ரொஹானா இரண்டு போனையும் நீட்டினார்.
ஷஃபிகுல் தலையாட்டினான்.
பெர்மிட் வந்த நாளிலிருந்து
எல்லாவற்றுக்கும் ஆட்டுகிற தலை அது.
பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன்.
பழுதுக்கு வந்த போன்கள் மேசை இழுப்பறையில் கிடந்தன,
திரை உடைந்தது, தண்ணீரில் விழுந்தது,
உள்ளே கொஞ்சம் கிரெடிட் மிச்சமிருந்தது.
ஒவ்வொன்றிலும் ஒன்றரை வெள்ளி.
என் சீட்டுப் பணமும் அதே வழியில் போனது.

வெள்ளிக்கிழமை.
பதினேழாம் இடம்.
மேலே ஒரு மலாய்க் காதல் பாட்டு,
கீழே எங்கேயோ அமெரிக்காவில்
காரோடு நின்று பாடுகிறவன்.
நடுவில் எங்கள் ஹேமநாதன், எழுத்துப் பிழையோடு.
மில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.
நாலு நம்பர் கடையில்
பூஜ்யம் பூஜ்யம் பதினேழு விற்றுத் தீர்ந்தது,
விழவில்லை.

'பாத்தியா வாணி,
முகம் தெரியாதவங்க வாங்கியிருக்காங்க.'
ஆமாம் என்றேன்.
கவர் ஒன்றைத் துடைத்தேன்,
துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

அடுத்த வெள்ளி அவன் பெயர் இல்லை.
பத்து நாள் கழித்துக் கணக்குச் சீட்டு வந்தது,
ஊர்வாரியாக.
ஒரே ஊர்.

மதிய வேளை, கடைக்கு வந்தான்.
கண்ணாடி மேல் சீட்டை விரித்தான்.
கோபம் முகத்தில் இல்லை,
லாரியின் டயரைப் பார்க்கிற முகம்.
'மொத்தம் முந்நூத்தி அம்பத்திரெண்டு.
காலி லாரி எவ்வளவு?'

'லாரிதான் எல்லாமே' என்றேன்.

அப்போதுதான் வந்தார்
தண்ணீர்த்தொட்டியில் போனைப் போட்ட
கிராணி புஷ்பநாதன்.
'என்னம்மா ரிப்பேர் பண்ணே?
ஏதோ பாட்டு வருது, அதுக்குள்ள
சேவல் கத்துது. போன் இன்னும் சரியாகலை.'

ஹேமநாதன் மெல்லத் திரும்பினான்.
'எத்தனை தடவை கேட்டீங்க?'

'நாலஞ்சு தடவை.
ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல கத்துது.'

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.
முந்நூற்று ஐம்பத்திரண்டை அடித்து
அதன் கீழே ஒன்று என்று எழுதினான்.
நிகர எடைக்கு எழுதுவதுபோல்
இரண்டு கோடு போட்டான்.

நான் கல்லாவைத் திறந்து
கிராணிக்கு அவருடைய
வெள்ளியையும் ஐம்பது காசையும் எண்ணிக் கொடுத்தேன்.
எதற்கு என்று அவர் கேட்டார்.

அன்று செவ்வாய்.